ஏழு வருடப் பழைய டூரிங் பைக்கை நம்பி 5,000 கிலோமீட்டர் போகலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடப் பழைய 1,300 சிசி டூரிங் பைக் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ், அதாவது சுழலும் தண்டுதான் பின்சக்கரத்தை ஓட்டுகிறது. மீட்டரில் 18,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. “ஓடாத வண்டி, என்ஜின் ஆயில் மாற்றினால் போதும்” என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதத்தில் மனைவியோடு 5,000 கிலோமீட்டர் போகத் திட்டம். தனியாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. மனைவியும் ஏறி, இரண்டு சைடு பாக்ஸும் டாப் பாக்ஸும் நிறைந்துவிட்டால், 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது வண்டி மொத்தமாக இடமும் வலமும் மெல்ல அசைகிறது. ஹேண்டில்பாரின் திடீர்த் திருப்பத்தை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டால் இது நிற்குமா என்று கேட்கிறீர்கள். டேம்பரைவிடப் பெரிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. குறைவாக ஓடிய வண்டி என்றால் புது வண்டி மாதிரிதானா, அதை நம்பி மனைவியை ஏற்றிக்கொண்டு போகலாமா என்பதுதான் அது.

பெரிய பைக்குகளைப் பிரித்துச் சேர்ப்பது பல வருடங்களாக என் வேலை. அதே வண்டிகளில் நீண்ட தூரம் ஓட்டவும் செய்கிறேன். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போதைக்கு டேம்பர் வாங்க வேண்டாம் என்பதும் உறுதி. காரணம் கண்டுபிடிக்கும் வரை அசைவு தொடங்கும் வேகத்துக்கு நன்றாகக் கீழேயே ஓட்டுங்கள்.

டேம்பர் ஏன் வேண்டாம்? பைக்கில் வரும் ஆட்டம் இரண்டு வகை. ஒன்று, ஹேண்டில்பார் மட்டும் படபடவென்று நடுங்குவது. நொடிக்கு நான்கு முதல் பத்து தடவை வரை இருக்கும். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு 80-லிருந்து 60-க்கு வேகம் இறங்கும்போது, கைப்பிடி லேசாக இருந்தால் பெரும்பாலும் தெரியும். முன் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்வது, வீல் பேலன்ஸ் இல்லாதது, ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் தளர்ந்தது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். இரண்டாவது வகையில் வண்டி முழுவதும் பின்னாலிருந்து ஆடும். நொடிக்கு இரண்டு முதல் நான்கு தடவை. வேகம் கூடக் கூடப் பெருகும், பின்பக்கச் சுமை கூடினாலும் பெருகும். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவதுதான். ஸ்டியரிங் டேம்பர் முதல் வகையை அடக்கும். இரண்டாவதில் அது உதவாது என்பது மட்டுமல்ல, அமைப்பைப் பொறுத்து ஆட்டத்தைக் கூட்டவும் கூடும். முன்சக்கரம் தானாகத் திரும்பித் தன்னைச் சரிசெய்துகொள்வதால்தான் பைக் நேராகப் போகிறது. அந்தத் திருப்பத்தை இறுக்கிப் பிடித்தால் சரிசெய்யும் வேலை தாமதமாகும்.

ஆகவே முதலில் சுமையைக் கணக்கிடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, செய்து பார்த்தவர்கள் பெரும்பாலும் அதிர்ந்துபோகிறார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். அதிலிருந்து பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. இவ்வளவு பெரிய வண்டிகளிலும் அது பல சமயம் 200 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. உதாரணத்துக்கு 200 என்றே வைத்துக்கொள்வோம். நீங்கள் 75, மனைவி 60. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 8 கிலோ. அதுவே 151 ஆகிவிட்டது. பெட்டிகள் தனியாக வாங்கிப் பொருத்தியவை என்றால் காலிப் பெட்டியும் அதன் ஸ்டாண்டும் கணக்கில் சேரும், மூன்றுக்கும் 15 கிலோ போடுங்கள். மிச்சம் 34 கிலோதான். துணி, கருவிகள், தண்ணீர், மழைக்கோட்டு, கேமரா எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு என்பதைப் போலவே எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டாப் பாக்ஸ் உயரத்தில் இருக்கிறது, பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. அதில் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பின்பக்கத்தை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் டாப் பாக்ஸுக்கு 5 முதல் 10 கிலோ, சைடு பாக்ஸுக்கு ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ என்ற அளவில் வரம்பு வைக்கிறார்கள். மூடியின் உள்பக்கம் பாருங்கள், எழுதியிருக்கும். பெட்டி மாட்டியிருந்தால் இந்த வேகத்தைத் தாண்டாதே என்றும் அங்கேயே பல சமயம் எழுதியிருக்கும். கனமானதையெல்லாம் சைடு பாக்ஸின் அடியில், முன்பக்கமாகத் தள்ளி, இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்கும்படி வையுங்கள். டாப் பாக்ஸில் ஜாக்கெட், போர்வை மாதிரி லேசானது மட்டும். டாப் பாக்ஸைக் காலி செய்துவிட்டு ஒருமுறை ஓட்டினாலே நிறைய தெரிந்துவிடும்.

அடுத்தது பின் சஸ்பென்ஷன். டூரிங் பைக்கில் பின் ஷாக்குக்குப் பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அழுத்தி வைப்பது என்பதை மாற்றும் வசதி இருக்கும், பெரும்பாலும் கையால் திருப்பும் ஒரு குமிழ். முந்தைய உரிமையாளர் தனியாக ஓட்டியிருந்தால் அது அவருடைய எடைக்கு வைத்த இடத்திலேயே நிற்கும். சென்டர் ஸ்டாண்டில் பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து வால்பகுதியில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு பேரும் முழுச் சுமையோடு உட்கார்ந்து, வேறொருவரை அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் சக்கரம் மொத்தமாக மேலும் கீழும் நகரும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கலாம். நிறைய வண்டிகளில் இது 30 முதல் 40 மில்லிமீட்டருக்குள் வரும். அதைவிடக் கூடுதலாக அமுங்கினால் பிரீலோடைக் கூட்டுங்கள். பிரீலோடு கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஆகாது, வண்டியின் பின்பக்க உயரம்தான் மீளும். குமிழைக் கடைசிவரை திருப்பியும் அமுங்குகிறது என்றால் அந்த ஸ்பிரிங் உங்கள் சுமைக்குப் போதாது. சுமையைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்.

ஸ்பிரிங்கைவிட எனக்குக் கவலை தருவது ஷாக்குக்குள் இருக்கும் டேம்பிங், ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் அமைப்பு. வால்பகுதியைப் பலமாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். வண்டி நிதானமாக எழுந்து ஒரே தடவையில் நிற்க வேண்டும். துள்ளினால் டேம்பிங் போய்விட்டது. ஆனால் துள்ளவில்லை என்பதால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கையால் செய்யும் சோதனை செத்துப்போன ஷாக்கைக் காட்டும், பலவீனமானதைக் காட்டாது. ஷாக்கின் ராடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஷாக் கெட்டுவிட்டது. நன்றாக இருந்தால், பிரீலோடு கூட்டும்போது ரீபவுண்டு ஸ்குரூவையும் சேர்த்துக் கொஞ்சம் இறுக்குங்கள். அதிகம் அழுத்தப்பட்ட ஸ்பிரிங் வேகமாக எகிறும், அதைப் பிடித்து நிறுத்துவது ரீபவுண்டு டேம்பிங்தான். எத்தனை கிளிக் திருப்பினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டயர். “ஓடாத வண்டி” என்ற பேச்சு உடைவது இங்கேதான். டயரின் பக்கச்சுவரில் DOT (டாட்) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. வண்டியோடு வந்த டயரே இன்னும் இருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் இரண்டையும் மாற்றுங்கள். ரப்பர் வயதாக ஆக இறுகும், ஈரச் சாலையில் பிடிப்பு குறையும், நின்றே கிடந்தாலும் இது நடக்கும். எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதி, எப்படி இருந்தாலும் பத்தில் தூக்கிப்போடு என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் வழி. இரண்டு பேரோடு வேகமாகப் போகும் வண்டிக்கு அது மிகத் தாராளம் என்பது என் கருத்து. நேர்ச்சாலையில் அதிகம் ஓடிய பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கும். அந்தத் தட்டையின் விளிம்பும் இந்த மாதிரி அசைவைத் தூண்டும். புது டயர் வாங்கும்போது கையேட்டில் உள்ள சுமை எண்ணுக்குக் குறையாமல் பாருங்கள். பின் டயரில் 73 என்றிருந்தால் அது 365 கிலோ தாங்கும் என்று அர்த்தம். கடைக்காரர் சும்மா விட்டுவிடும் ஒரு சின்ன விஷயம், காற்றடிக்கும் வால்வின் ரப்பர் தண்டு. அதுவும் ஏழு வருடப் பழசு. டயரோடு அதையும் மாற்றச் சொல்லுங்கள். வால்வைக் கையால் வளைத்துப் பார்த்தால் அடியில் வெடிப்பு தெரியும். ஓடும்போது அது கிழிந்தால் காற்று ஒரே மூச்சில் போய்விடும்.

காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, சொந்த கேஜால் பாருங்கள். இருவரும் சுமையும் இருக்கும்போது எவ்வளவு என்று கையேட்டில் பெரும்பாலும் தனியாக இருக்கும். பல டூரிங் பைக்குகளில் பின் டயருக்கு 42 பிஎஸ்ஐ. ஓடிச் சூடான டயரில் அளவு கூடியிருக்கிறதே என்று காற்றை இறக்கிவிடாதீர்கள், அந்த உயர்வையும் கணக்கில் வைத்துத்தான் குளிர்ந்த அளவைச் சொல்லியிருக்கிறார்கள்.

கோன் செட்டையும், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் பேரிங்கையும் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெல்லத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுந்த மாதிரி ஒரு நிறுத்தம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் தெரியக்கூடாது. பின்சக்கரத்தையும் அதேபோல் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள்.

திரவங்களுக்கு வருவோம். இங்கே கிலோமீட்டரை மறந்துவிடுங்கள், காலண்டரைப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த நிலையில் தரநிலை கேட்பது 155 டிகிரி மட்டுமே. இருவரும் சுமையும் ஏற்றி நீண்ட மலையிறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூட்டை எட்ட முடியும். கொதித்தால் ஆயிலில் ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. லீவர் கைப்பிடியைத் தொடும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். ஏபிஎஸ் உள்ள வண்டியில் இன்னொரு காரணமும் உண்டு, ஈரம் அதன் நுண்ணிய வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தப் பாகம் விலை கூடியது. கிளட்ச் ஹைட்ராலிக் என்றால் அதற்கும் இதே கதைதான். டாட் 5 என்பது சிலிக்கான், முற்றிலும் வேறு. டாட் 4-ஓடு அதைக் கலக்கவே கூடாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4-இன் குடும்பம்தான்.

என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டில் துரு தடுக்கும் பொருள் சில வருடங்களில் தீர்ந்துவிடும், நிறம் நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஷாஃப்ட் வண்டிக்குப் பராமரிப்பே இல்லை என்று நினைக்காதீர்கள். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் கியர் பெட்டிக்குத் தனி கியர் ஆயில் உண்டு. அதை வடிக்கும்போது போல்ட்டில் காந்தம் இருந்தால் பாருங்கள். சாம்பல் நிற மைபோல ஒட்டியிருந்தால் இயல்பு, உலோகச் செதில் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட்டுக் கியரைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டயர் மாற்றப் பின்சக்கரம் கழற்றும் அன்றைக்கே, சக்கரம் ஷாஃப்ட்டோடு கோக்கும் பற்களைத் துடைத்துக் கையேட்டில் சொன்ன கிரீஸைத் தடவச் சொல்லுங்கள். தனியாக ஒரு நாள் இதற்காக யாரும் கழற்றமாட்டார்கள், அதனாலேயே பல வண்டிகளில் அந்தப் பற்கள் காய்ந்து தேய்கின்றன. என்ஜின் ஆயிலைப் பொறுத்தவரை விற்றவர் சொன்னது சரிதான், மாற்றுங்கள். ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (JASO MA, MA2) என்ற பைக் ஆயில் தரக்குறி டப்பாவில் இருக்கட்டும். கிளட்ச் அதே ஆயிலில் ஊறும் வண்டி என்றால், வழுக்கல் கூட்டும் பொருள் சேர்த்த கார் ஆயில் கிளட்சை நழுவ வைக்கும்.

டேப்பெட் இடைவெளி, அதாவது என்ஜின் வால்வுகளின் இடைவெளி பார்ப்பதற்கு இப்போது செலவழிக்க வேண்டியிருக்காது. அது கிலோமீட்டரை வைத்து வருவது, பல வண்டிகளில் 24,000-க்கு மேல், சிலவற்றில் 40,000-க்கு மேல். உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் வரும்போது சத்தமில்லையே என்று விட்டுவிட வேண்டாம். தளர்ந்த வால்வுதான் சத்தம் போடும். இறுகிய வால்வு சத்தமில்லாமல் எரிந்துபோகும்.

பேட்டரியை ஒரு சாதாரண மல்டிமீட்டரால் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது. என்ஜினை 4,000, 5,000 சுற்றில் வைத்தால் சுமார் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 15-ஐத் தாண்டினாலும் 13-ஐ எட்டாவிட்டாலும் சார்ஜிங்கில் கோளாறு. டூரிங் பைக்குகள் வழியில் நிற்பதற்கு, சார்ஜிங் வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ஒரு வழக்கமான காரணம். நெடுநாள் நின்ற வண்டி என்பதால் ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். எலி கூடு கட்டியிருப்பதைப் பார்ப்பது எங்கள் தொழிலில் அதிசயமில்லை. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலையும் வடித்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரே நாளில் செய்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். டயர் பழசு என்றால் முதலில் அது. அப்புறம் சுமையை மாற்றி ஒருமுறை, பிரீலோடை மாற்றி ஒருமுறை என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் எது அசைவை நிறுத்தியது என்று தெரியும், பின்னால் சுமை மாறும்போதும் அது உதவும். என் அனுமானம், டயரும் பிரீலோடும் டாப் பாக்ஸும் சேர்ந்த வேலை இது. அனுமானம்தான், பேரிங்காகவும் இருக்கலாம்.

ஓட்டும்போது மறுபடி அசைந்தால் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இறுகிய கை உங்கள் உடம்பின் ஆட்டத்தையும் ஸ்டியரிங்குக்குள் செலுத்தும். முழங்காலால் டேங்கை அணைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரைப் படிப்படியாகக் குறையுங்கள். திடீர் பிரேக் வேண்டாம், வேகம் கூட்டித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். மனைவியிடமும் முன்னதாகவே சொல்லி வையுங்கள்: வளைவில் உங்கள் தோளுக்கு மேலாக, வளைவின் உள்பக்கம் பார்த்தால் போதும், உடம்பு தானாக வண்டியோடு சாயும்.

இந்த எடையில் கீழே விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை, நிறுத்துமிடத்தில்தான். மெதுவாகத் திரும்பும்போது கிளட்சைப் பாதியில் வைத்து, பின் பிரேக்கை மட்டும் லேசாகத் தொட்டு, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடாதீர்கள். சாய்ந்து போய்விட்டால் காலைக் கொடுத்துத் தாங்கப் பார்க்காமல் விட்டுவிடுங்கள், 300 கிலோவுக்கு முன் முழங்கால் நிற்காது. சாய்வான இடத்தில் ஏற்றத்தைப் பார்த்து, முதல் கியரில் போட்டு நிறுத்துங்கள்.

காதுக்கு இயர் பிளக் வாங்குங்கள், இருவருக்கும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டும். நாள் முழுக்க அது கேட்டால் காது கெடும், அதற்கு முன்பே களைப்பு வரும். களைத்த கை தாமதமாகத்தான் பிரேக் பிடிக்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள், முதல் சில நாட்களுக்கு 300, 400 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

புறப்படுவதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்னால், போகும்போது எடுத்துப்போகும் அதே சுமையோடு ஒரு இரவு தங்கி வரும்படி எங்காவது போய் வாருங்கள். திரும்பியதும் பெட்டி ஸ்டாண்டின் போல்ட்கள், ஃபோர்க் சீல், பின் கியர் பெட்டியின் சீல், டயர் அழுத்தம் இவற்றைப் பாருங்கள். அப்போதும் அசைவு இருந்தால் எந்த வேகத்தில் தொடங்குகிறது, டாப் பாக்ஸைக் கழற்றினால் குறைகிறதா, பிரீலோடு எங்கே இருக்கிறது, டயரின் நான்கு இலக்கம் என்ன என்று எழுதுங்கள். அந்த நான்கும் தெரிந்தால் காரணத்தை இன்னும் நெருங்கிச் சொல்ல முடியும்.